எரிபொருள் இல்லாமல் செய்மதிகளை நகர்த்த மின்காந்தம் போதுமா?

களுவாஞ்சி_பௌதிகம்

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்பில் மின்காந்தம் போய்க்கொண்டிருக்கிறது. சமாந்தரமான இரண்டு கம்பிகளில் ஓட்டம் ஒரே திசையில் போனால் கவரும், எதிர்த்திசையில் போனால் தள்ளும் என்று கரும்பலகையில் வரைந்து முடிக்கவில்லை, பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அப்ப ரெண்டு செய்மதிக்குச் சுருள் சுத்தி விட்டா, எரிபொருளே இல்லாம அதுகளைக் கிட்டக் கொண்டுவரலாம், தூரப் போகவிடலாம்தானே?"

நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால், இதை ஏற்கெனவே பலர் செய்துகொண்டிருக்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து விண்வெளி ஆய்வுகூடத்தில் டேவிட் மில்லர், ரேமண்ட் செட்விக் போன்றவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். 2013இல் ரிங்ஸ் என்ற பெயரில் இரண்டு பெரிய சுருள்கள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போயின. அங்கே ஏற்கெனவே இருந்த ஸ்பியர்ஸ் என்ற பந்தளவு மிதக்கும் கருவிகளைச் சுற்றி அவற்றை மாட்டிப் பரீட்சித்தார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். இது நிஜமாகவே எரிபொருளுக்குப் பதிலா, இல்லை ஆய்வுகூடத்து விளையாட்டா? இரண்டாவது, பாடசாலை மண்டபத்தில், நம்ம ஊரில் கிடைக்கிற சாமானை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வழி இருக்கிறதா?

அக்கரைப்பற்று_சந்தேகம்

சேர், குறை நினைக்க வேண்டாம். "எரிபொருள் இல்லாமல்" என்று தலைப்பைப் பார்த்ததும் எனக்குக் கை தன்பாட்டில் போனை மூடப் போனது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற காலத்தில் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். காந்தத்தில் ஓடும் மோட்டர், தண்ணியில் ஓடும் பைக். எல்லாமே பொய். இதுவும் அந்த வகைதான் என்று சொல்லவில்லை, ஆனால் சக்தி எங்கே இருந்து வருகிறது என்று முதலில் சொல்லுங்கள்.

வாவியோரம்

சக்தி சூரியத் தகட்டில் இருந்து வருகிறது. அதில் மாயம் ஒன்றும் இல்லை. மேலே மின்சாரம் கிடைப்பது பெரிய சிக்கல் அல்ல, வெயில் இருக்கிறது. சிக்கல், எறிவதற்குப் பொருள் இல்லாதது. ரொக்கெட் எப்படிப் போகிறது? வாயுவைப் பின்னால் எறிந்துதான் முன்னே போகிறது. எறிந்த வாயு திரும்பி வராது. அதனால்தான் நல்ல நிலையில் இருக்கும் செய்மதிகள்கூட எரிபொருள் தீர்ந்த அன்று ஓய்வுக்குப் போகின்றன.

மின்காந்தத்தில் வாயுவுக்குப் பதிலாகப் பக்கத்துச் செய்மதியைப் பிடித்துத் தள்ளுகிறோம். மட்டக்களப்பு வாவியில் இரண்டு தோணியில் இருப்பவர்கள் ஒரு கயிற்றைப் பிடித்து இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தோணிகள் ஒன்றையொன்று நெருங்கும். ஆனால் இரண்டையும் சேர்த்து நீரோட்டம் முகத்துவாரப் பக்கம் கொண்டுபோனால், கயிற்றை எவ்வளவு இழுத்தும் அதைத் தடுக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் திணிவு மையத்தை உள்விசையால் அசைக்க முடியாது, ஏ.எல். பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

ஆகவே சேருடைய முதல் கேள்விக்கு: பாதிக்கு மட்டும் பதில். 400 கிலோமீற்றர் உயரத்தில் மெல்லிய காற்று உராய்ந்து செய்மதி கீழே இறங்குகிறதே, அதை மேலே தூக்க மின்காந்தம் உதவாது. கூட்டமாகப் பறக்கும் செய்மதிகளின் இடைத்தூரத்தையும் ஒழுங்கையும் மாற்ற உதவும். அதிலும் எவ்வளவு தூரத்துக்கு என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. இரவு கணக்கோடு வருகிறேன்.

அக்கரைப்பற்று_சந்தேகம்

சரி, அப்படியானால் பூமிக்கே காந்தப்புலம் இருக்கிறதே. பக்கத்துச் செய்மதி எதற்கு? பூமியைப் பிடித்தே தள்ளலாமே.

வாவியோரம்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். சீரான புலத்துக்குள் ஒரு காந்தத்தை வைத்தால் அது திரும்பும், ஆனால் இடம் பெயராது. வடமுனையில் எவ்வளவு இழுவையோ அவ்வளவு எதிர்ப்பக்கம் தென்முனையில். இடம் பெயர வேண்டுமானால் புலம் இடத்துக்கிடம் மாற வேண்டும். பூமியின் புலம் மாறுகிறது, ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்தில்தான் மாறுகிறது. ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள சுருள், 100 சுற்று, 10 அம்பியர். இதன் காந்தத் திருப்பம், அதாவது காந்தத்தின் வலுவைச் சொல்லும் அளவு (பரப்பு × சுற்று × ஓட்டம்), 1000 அம்பியர் சதுர மீற்றர். சின்னச் செய்மதிக்கு இது மிகப் பெரிய காந்தம். இதற்கே பூமி கொடுக்கும் தள்ளுவிசை ஒரு நியூட்டனின் பத்துக் கோடியில் ஒரு பங்கு அளவு. தூசு விழுந்தாலும் அதைவிடக் கனம்.

திருப்புவதற்கு மட்டும் இது நன்றாக வேலை செய்யும், பல காலமாகவே பாவிக்கிறார்கள். ஹபிள் தொலைநோக்கியில்கூட அதற்கான காந்தக் கோல்கள் இருக்கின்றன.

பொத்துவில்_வானம்

இலங்கையின் முதல் செய்மதி இராவணா-1 எப்படி? அதிலும் எரிபொருள் இல்லையே.

வாவியோரம்

ஓம், இல்லை. ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் நம்ம நாட்டு இரண்டு பொறியியலாளர்கள் சேர்ந்து செய்தது, பத்து சென்ரிமீற்றர் கனசதுரம், ஏறக்குறைய ஒரு கிலோ. 2019 ஏப்ரலில் மேலே போய் யூன் 17ஆம் திகதி விண்வெளி நிலையத்தில் இருந்து வெளியே விட்டார்கள். அந்த அளவுப் பெட்டிக்குள் தள்ளுபொறி வைக்க இடம் மிகக் குறைவு. விட்ட இடத்தில் இருந்து மெல்ல மெல்ல இறங்குவதுதான் அதன் விதியாக இருந்தது. அதோடு ஜப்பான், நேபாளச் செய்மதிகளையும் விட்டார்கள், ஆனால் அவை ஒன்றுக்கொன்று இடைத்தூரத்தைக் கட்டுப்படுத்திப் பறக்கவில்லை, ஆகவே நம்ம விஷயத்துக்குள் அது வராது.

வைண்டிங்_நானா_சாய்ந்தமருது

நான் மோட்டர் வைண்டிங் செய்பவன். பௌதிகம் ஓ.எல்.லோடு சரி. ஆனால் கொயில் என்றால் எனக்கும் இரண்டு வார்த்தை பேச உரிமை இருக்கு.

தம்பி சொன்ன கணக்கைப் பார்த்தேன். ஒரு சதுர மீற்றர் வட்டம் என்றால் சுற்றளவு மூன்றரை மீற்றர். 100 சுற்றுக்கு 355 மீற்றர் வயர். 10 அம்பியரை நெடுகப் போகவிடுவதென்றால், காற்றில்லாத இடத்தில் நான் 4 சதுர மில்லிமீற்றருக்குக் குறைந்த வயர் போடமாட்டேன். அது செம்பில் பன்னிரண்டரைக் கிலோவுக்கு மேலே வரும். தடை ஒன்றரை ஓம். 150 வாற் சூடு. இங்கே மோட்டருக்குப் பின்னால் விசிறி இருக்கு, காற்று அடிக்கும். மேலே என்ன செய்வாங்க? வார்னிஷ் கருகிற மணம் வந்தால்கூட மூக்கு வைக்க ஆள் இல்லையே!

வாவியோரம்

நானா, உங்களுக்கு ஓ.எல். போதும், மிச்சப் பேருக்குத்தான் போதாது. கணக்கு சரி. சூட்டைக் கதிர்வீச்சாகத்தான் வெளியே விட வேண்டும், வேறு வழி இல்லை. வார்னிஷும் கவனம், வெற்றிடத்தில் சில பூச்சுகள் ஆவியாகிப் போய்க் கண்ணாடிகளில் படியும். அதற்கென்று தனி வகைகள் இருக்கின்றன.

எம்.ஐ.டி. ஆட்கள் இந்தப் பிரச்சினையை மீகடத்தியால் தாண்டப் பார்த்தார்கள். பிஸ்மத் கலந்த ஒரு மீகடத்தி நாடா. திரவ நைதரசனின் குளிரிலேயே, அதாவது 77 கெல்வினில், தடை இல்லாமல் ஓட்டத்தைக் கொண்டுபோகும். நிலத்தில், காற்றுமெத்தை மேல் மிதக்கும் இரண்டு வண்டிகளில் அதை வைத்து நகர்த்தியும் காட்டினார்கள். 150 வாற் சூடு போய்விடுகிறது. பதிலுக்கு வெயிலில் இருந்து சுருளை மறைத்து, எப்போதும் குளிராக வைத்திருக்க வேண்டிய வேலை வந்து சேர்கிறது.

விண்வெளி நிலையத்துக்குப் போன ரிங்ஸ் சுருள்கள் அப்படி அல்ல, சாதாரண அலுமினியம்.

வைண்டிங்_நானா_சாய்ந்தமருது

அலுமினியமா? சரிதான். இப்ப வருகிற மலிவு விசிறி, பம்பு எல்லாத்துக்குள்ளயும் அலுமினியம்தான், கழற்றிப் பார்த்தால் மனசு வலிக்கும். ஆனால் நிறை முக்கியம் என்றால் அது புத்திசாலித்தனம். அதே தடைக்கு வயர் மொத்தமாகப் போடவேணும், ஆனாலும் நிறை செம்பில் பாதிதான். மோட்டரில் இடம் இல்லாததால்தான் நமக்குச் செம்பு. விண்வெளியில் இடத்துக்குப் பஞ்சமா?

திருக்கோவில்_2026

நான் ஏ.எல். கணிதப் பிரிவு. அண்ணா, தூரத்தின் கணக்கைச் சொல்லுறன் என்றீங்க. அதைச் சொல்லுங்களேன். கூலோமின் விதி மாதிரி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறா?

வாவியோரம்

தங்கச்சி, வர்க்கமாக இருந்திருந்தால் இந்தத் துறையே வேறு மாதிரி இருந்திருக்கும். நான்காம் அடுக்கு.

தனி முனை என்று ஒன்று இல்லாததால் வருவது இது. ஒவ்வொரு சுருளுக்கும் வடக்கும் தெற்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மிஞ்சுவதுதான் விசை. இரண்டு சுருளும் ஒரே அச்சில் இருந்தால், விசை = 6 × 10⁻⁷ × இரண்டு காந்தத் திருப்பங்களின் பெருக்கம் ÷ தூரத்தின் நான்காம் அடுக்கு.

நானா கணக்குப் போட்ட அதே சுருள், இரண்டு செய்மதியிலும். ஒவ்வொரு செய்மதியும் 40 கிலோ என்று வைப்போம். 10 மீற்றரில் விசை 60 மைக்ரோநியூட்டன். 5 மீற்றருக்கு வந்தால் 16 மடங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு மில்லிநியூட்டன்.

இப்போது இதை எதோடு ஒப்பிடுவது? இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். "மேலே உராய்வு இல்லை, ஆகவே எவ்வளவு சின்ன விசையும் போதும்" என்பார்கள். போதாது. ஒரு செய்மதி மற்றதற்கு நேர் மேலே 10 மீற்றரில் நிற்க வேண்டுமென்றால் அது இயற்கையாக நிற்காது. கீழே இருப்பது வேகமாகச் சுற்றும், மேலே இருப்பது பின்தங்கும். 500 கிலோமீற்றர் உயரத்தில் அதைப் பிடித்து வைக்கச் செக்கன் வர்க்கத்துக்கு 37 மைக்ரோமீற்றர் ஆர்முடுகல் தேவை. நமது காந்தம் 10 மீற்றரில் தருவது, இரண்டு பக்கமும் சேர்த்து, 3 மைக்ரோமீற்றர். பன்னிரண்டில் ஒரு பங்கு.

அதே காந்தம் 5 மீற்றரில்? தேவை 18 ஆகக் குறைகிறது, காந்தம் தருவது 48 ஆகக் கூடுகிறது. தாராளமாகப் போதும். ஆக இந்தச் சோடிக்கு எல்லை ஆறு மீற்றர் அளவில். அதற்கு உள்ளே காந்தம் ராசா. வெளியே ஒன்றும் இல்லை.

திருக்கோவில்_2026

மேலே கீழே நிற்காமல் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று நின்றால்?

வாவியோரம்

அப்படிக் கேளுங்கள். ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக நின்றால் பிடித்து வைக்க விசையே தேவையில்லை, தன்பாட்டில் நிற்கும். அந்த நிலையில் இருந்து காந்தத்தை ஐந்தரை நிமிடம் போட்டால் 10 மீற்றர் தூரத்திலும் ஒன்றுக்கொன்று ஒரு செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றர் வேகம் வரும். சின்ன வேகம்தான், ஆனால் ஒரு சுற்றுக்கு 17 மீற்றர் விலகல் ஆகும்.

"நெருங்கல்" என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? காந்தத்தைக் கவரும்படி போட்டாலும் கடைசியில் விலகும். பின்னால் நிற்பதை முன்னே இழுத்தால் அதன் வேகம் கூடி உயரத்துக்குப் போகும், உயரம் போனது மெதுவாகச் சுற்றிப் பின்தங்கும். முன்னே நிற்பதைப் பின்னுக்கு இழுத்தால் அது தாழ்ந்து, விரைந்து, இன்னும் முன்னே போகும். கவர்ந்தால் பிரியும், தள்ளினால் கிட்ட வரும்.

இதைவிட மோசம் அடுத்தது. ஒரு சுற்று முடிய அவை 27 மீற்றரில் நிற்கும். அங்கே காந்தத்தின் வலு 53 மடங்கு குறைவு. ஐந்தரை நிமிடத்தில் கொடுத்த தள்ளலைத் திரும்ப எடுக்கக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வேண்டும், அதற்குள் அது இன்னும் மூன்று சுற்றுப் போய் காந்தத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். தரத் தெரிந்தது, திரும்ப வாங்கத் தெரியாது. இந்த முறையின் உண்மையான ஆபத்து விசை குறைவு என்பதல்ல, இதுதான். அதனால் காந்தத்தோடு மட்டும் பறக்கும் கூட்டத்தை எல்லைக்கு உள்ளேயே, கண்ணை எடுக்காமல் கட்டுப்படுத்த வேண்டும். ஒரு தரம் கை நழுவினால் சின்ன வாயுத் தள்ளுபொறி ஒன்றாவது இருந்தால்தான் மீட்கலாம்.

அக்கரைப்பற்று_சந்தேகம்

ஆக, கடைசியில் எரிபொருள் வேணும். நான் முதலே சொன்னேன்.

வாவியோரம்

நீங்கள் சொன்னது காந்த மோட்டர் வீடியோவை. :)

ஆனால் ஓம், நான் இதை விற்க வரவில்லை. புரோபா-3 செய்மதிச் சோடி, 2024 டிசம்பர் 5இல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இந்திய ரொக்கெட்டில் போன ஐரோப்பியத் திட்டம். ஒன்று சூரியனை மறைக்க, மற்றது அந்த நிழலில் நின்று சூரியனின் வெளிவளிமண்டலத்தைப் படமெடுக்கிறது. இடைத்தூரம் சுமார் 150 மீற்றர். அதற்கு ஏன் காந்தம் போடவில்லை? 10 மீற்றரோடு பார்த்தால் 15 மடங்கு தூரம், விசை ஐம்பதாயிரம் மடங்கு குறைவு. வாயுத் தள்ளுபொறியே போட்டார்கள், அது சரியான முடிவு. பூமியின் ஈர்ப்பை அளந்த கிரேஸ் செய்மதிச் சோடி 220 கிலோமீற்றர் இடைவெளியில் பறந்தது. அங்கே காந்தம் பற்றிய பேச்சே இல்லை.

பொத்துவில்_வானம்

அப்படியானால் யாருக்குத்தான் இது தேவை?

வாவியோரம்

முதலில் நினைத்தது தொலைநோக்கிகளுக்கு. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் பூமி போன்ற கிரகங்களைத் தேட, பல சின்னத் தொலைநோக்கிகளைத் தனித்தனியாகப் பறக்கவிட்டு ஒன்றாகச் சுழற்ற நாசா ஒரு காலத்தில் திட்டமிட்டது. சுழல்வதென்றால் ஒவ்வொரு கணமும் உள்நோக்கி இழுவிசை வேண்டும், வாயுவில் செய்தால் தாங்கி சீக்கிரம் காலி. போதாததற்கு வெளியே விடும் வாயு பக்கத்துத் தொலைநோக்கியின் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். காந்தத்துக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. இடமும் வசதி: பூமியில் இருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, அங்கே ஈர்ப்பின் அந்த 37 மைக்ரோமீற்றர் தொல்லை மிகக் குறைவு. அந்தத் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஆராய்ச்சி நிற்கவில்லை, இப்போது சின்னச் செய்மதிகளை மிகக் கிட்டத்தில் வைத்து ஒரு பெரிய அன்ரெனாவாகப் பாவிப்பது, ஒன்றோடொன்று மெதுவாகப் பொருத்துவது என்று வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் செய்கிறார்கள்.

பொருத்துவதில் இதன் அருமை தெரியும். கடைசி இரண்டு மூன்று மீற்றரில் வாயுவை ஊதினால் எதிரில் இருப்பதையே தள்ளிவிடும். காந்தம் அந்த இடத்தில்தான் மிகப் பலமாக இருக்கும்.

களுவாஞ்சி_பௌதிகம்

கவர்ந்தால் பிரியும் என்பதை நாளைக்கே வகுப்பில் போடப் போகிறேன். ஒரு சந்தேகம். கிட்ட வரக் கவர்ச்சி கூடும், கூடினால் இன்னும் வேகமாகக் கிட்ட வரும். இது மோதலில்தானே முடியும்?

வாவியோரம்

சேர் சொல்வது சரி. ஓட்டத்தை மாறாமல் வைத்தால் கவர்ச்சிச் சமநிலை எப்போதும் உறுதியற்றது. தூரத்தை அளந்து அளந்து, ஓட்டத்தைக் கணத்துக்குக் கணம் மாற்ற வேண்டும். அது கட்டுப்பாட்டுப் பொறியியல், செய்துவிடலாம்.

அதைவிடப் பெரிய தலையிடி பூமியின் புலம். தள்ளாது, திருப்பும் என்று மேலே சொன்னேன். நமது 1000 அம்பியர் சதுர மீற்றர் சுருளை, சுற்றுப்பாதையில் இருக்கும் 30 மைக்ரோடெஸ்லா புலம் 0.03 நியூட்டன் மீற்றர் முறுக்கத்தோடு திருப்பும். ஐந்து மீற்றரில் இருக்கும் மற்றச் சுருள் இதைத் திருப்புவது, கூடிப் போனால், அதில் ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்குதான். நண்பன் திருப்புவதைவிட ஊர் திருப்புவது அதிகம். செய்மதிக்குள்ளே மோட்டரில் சுழலும் சில்லு இருக்கும், அது அந்தத் திருப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு நியூட்டன் மீற்றர் செக்கன் கொள்ளளவுள்ள சின்னச் சில்லு 33 செக்கனில் உச்ச வேகத்துக்குப் போய்விடும். பிறகு அதனால் ஒன்றும் செய்ய இயலாது.

இதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள். திருக்கோவில் தங்கச்சி, யோசித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

திருக்கோவில்_2026

ரெண்டு சுருளிலயும் ஓட்டத்தை ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கம் மாத்தினா? ரெண்டும் மாறினதால கவர்ச்சி கவர்ச்சியாவே இருக்கும். பூமி மாறாதே, அதனால பூமியின் முறுக்கம் மட்டும் மறுபக்கம் மாறும். மாறி மாறிச் செய்தா சராசரி பூச்சியம்.

வாவியோரம்

அதேதான். இன்னும் ஒரு படி போனால், தன்பாட்டில் திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டமே கொடுத்துவிடலாம். இரண்டும் ஒரே அவத்தையில், அதாவது ஒரே நேரத்தில் ஒரே பக்கம் மாறினால் கவரும், எதிர் அவத்தையில் இருந்தால் தள்ளும். ரிங்ஸ் அப்படித்தான் ஓடியது. அதே சுருள்களால் வயர் இல்லாமல் ஒன்றில் இருந்து மற்றதுக்கு மின்சாரம் அனுப்பியும் பார்த்தார்கள்.

செய்மதிகள் மூன்று நான்கு ஆகும்போது ஆடலோட்டம் இன்னும் கைகொடுக்கும். நேரோட்டத்தில் ஒன்றைத் தொட்டால் எல்லாமே அசையும், யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கணக்கு தலையைச் சுற்றும். ஆடலோட்டத்தில் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு மீடிறன் (ஓட்டம் செக்கனுக்கு எத்தனை தரம் ஆடுகிறது என்பது) என்று பிரித்துவிடலாம். வேறு வேறு மீடிறனில் ஓடும் இரண்டு சுருளுக்கு இடையிலான சராசரி விசை பூச்சியம்.

வைண்டிங்_நானா_சாய்ந்தமருது

கதை கனக்கப் போயிட்டு. சேர் பிள்ளைகளுக்குக் காட்ட வழி கேட்டார், ஒருத்தரும் சொல்லல்ல. கொயில் இரண்டும் நான் சுற்றித் தாறேன். அளவு சொல்லுங்க.

வாவியோரம்

நானா, 10 சென்ரிமீற்றர் ஆரை, 200 சுற்று. என்ன வயர் போடலாம்?

வைண்டிங்_நானா_சாய்ந்தமருது

21 கேஜ் எனாமல். 126 மீற்றர் போகும், அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. தடை நாலு ஓம் சொச்சம், பைக் பற்றரி 12 வோல்ற் கொடுத்தால் 3 அம்பியர் இழுக்கும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேலே விடவேணாம், கை வைக்க ஏலாத அளவுக்குச் சுடும். பலகைப் போமரில் சுற்றிக் கழற்றி, நூலால் நாலு இடத்தில் கட்டித் தாறேன். இரும்பு ஆணி ஒன்றும் வைக்க மாட்டேன்.

வாவியோரம்

அருமை. மண்டபத்துக் கூரையில் இருந்து மூன்று மீற்றர் நீளத்தில் தொங்கவிடுங்கள். தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) நல்லது, இழுபடாத மொத்தமான வகை. நடுவுக்கு நடு 50 சென்ரிமீற்றரில் ஒவ்வொன்றும் இரண்டு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக நகர வேண்டும் என்று சூத்திரம் சொல்கிறது. 40 சென்ரிமீற்றரில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மின்சாரம் கொடுக்கும் வயர் மெல்லியதாக, மேலே இருந்து தங்கூசியோடு சேர்ந்து தளர்வாக வரட்டும். பக்கத்தில் இருந்து வந்தால் அந்த வயரே சுருளைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மில்லிமீற்றரும் நகராது.

ஒரு எச்சரிக்கை. ஒற்றைத் தங்கூசியில் தொங்கவிட வேண்டாம். நம்ம பகுதி காந்த மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் பூமியின் புலம் இங்கே கிட்டத்தட்ட கிடையாகவே ஓடுகிறது, சுமார் 40 மைக்ரோடெஸ்லா. சுருள் திசைகாட்டி போல வடக்குத் தெற்காகத் திரும்பிவிடும்.

களுவாஞ்சி_பௌதிகம்

சனிக்கிழமை செய்து பார்த்தோம். நானா மோட்டார்சைக்கிளில் இரண்டு சுருளையும் தானே கொண்டுவந்து தந்தார், ஒரு சதமும் வாங்கவில்லை.

வேண்டுமென்றே முதலில் ஒற்றைத் தங்கூசியில் கட்டினேன். ஆளி போட்டதும் சுருள் மெல்ல அசைந்து, தயங்கி, திரும்பி, வடக்கைப் பார்த்து ஆடி ஆடி நின்றது. மற்றச் சுருளை எட்டத்தில் வைத்து ஆளி போட்டும் அது வடக்கை விடவில்லை. "ஊர் திருப்புவது அதிகம்" என்றது இதுதான் என்று பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு ஆளுக்கு இரண்டு தங்கூசியாக, அகலமாகக் கட்டி, அச்சை வடக்குத் தெற்காகவே வைத்தோம். சுருளின் விளிம்பில் ஈர்க்கு ஒன்றை ஒட்டி, பின்னால் வரைபுத்தாளை நிறுத்தி, நுனியை வாசித்தோம். விசிறிகளை நிறுத்தி யன்னல் சாத்தாமல் ஒன்றும் வாசிக்க முடியவில்லை, வியர்வையில் குளித்துவிட்டோம்.

50 சென்ரிமீற்றரில் ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கிட்ட. 40இல் மூன்றைத் தாண்டியது. இரண்டுமே சூத்திரத்தைவிடக் குறைவு, கிட்டப் போகப் போகக் குறைவும் கூடுகிறது. ஒன்றில் முனைகளை மாற்றித் தந்தால் அதே அளவு தள்ளியது. இரண்டிலும் மாற்றினால் திரும்பவும் கவர்ந்தது, அந்த இடத்தில் ஒரு பெடியன் கைதட்டினான்.

வாவியோரம்

அளவுகள் நம்பக்கூடியவை. குறைவுக்குக் காரணம் அளவீடு அல்ல. நான்காம் அடுக்கு விதி சுருளைப் புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. 10 சென்ரிமீற்றர் ஆரைச் சுருளுக்கு 40 சென்ரிமீற்றர் தூரம் என்பது பெரிய தூரம் அல்ல, அங்கே நிஜ விசை சூத்திரத்தின் முக்கால் பங்குதான் வரும். செய்மதிகள் பொருத்தப்படும் கடைசி மீற்றரிலும் இதே திருத்தத்தைப் போட்டே ஆக வேண்டும். ஏ.எல். பிள்ளைகள் வளையத்தின் அச்சில் உள்ள புலச் சூத்திரத்தை வைத்தே இதை ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம்.

அக்கரைப்பற்று_சந்தேகம்

சேர், அடுத்த முறை செய்யும்போது சொல்லுங்கள், நானும் வாறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மேலே 1000 அம்பியர் சதுர மீற்றர் காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தச் செய்மதியின் திசைகாட்டிக் கருவி எப்படி வேலை செய்யும்? வடக்கு எது, நண்பன் எது என்று அதற்கு எப்படித் தெரியும்?

வாவியோரம்

தெரியாது. காந்தம் ஓடும் நேரத்தில் அந்த வாசிப்பை நம்ப முடியாது. இடைக்கிடை ஓட்டத்தை நிறுத்தி அந்த இடைவெளியில் வாசிக்கலாம், இல்லாவிட்டால் நட்சத்திரங்களைப் படமெடுத்துத் திசை அறியும் கமெராவைப் பாவிக்கலாம். ஆடலோட்டம் என்றால் அந்த மீடிறனை மட்டும் வடிகட்டி எடுத்துவிடலாம், ஆனால் உணரி திணறாத அளவுக்குப் புலம் இருக்க வேண்டும்.

திருக்கோவில்_2026

சேர், அடுத்த முறை ஆடலோட்டத்தில் செய்யலாமா? 12 வோல்ற் மாற்றி ஒன்று எங்கட வீட்டில் இருக்கு. ஆனா நாலு ஓமுக்கு மேல சுருளின் தூண்டல் தடையும் சேருமே, 50 ஹேர்ட்ஸில் ஓட்டம் எவ்வளவு குறையும்?

வைண்டிங்_நானா_சாய்ந்தமருது

குறையும்தான் பிள்ளை. மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் வரும். தொடராக ஒரு கப்பாசிற்றர் போட்டுச் சரிக்கட்டலாம், விசிறிக்குப் போடுகிற சின்னது காணாது, பெரிய அளவு வேணும். கடையில் பழைய மோட்டர்களில் கழற்றினது கிடக்கு. சேர் வரும்போது வந்து பாருங்க, வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆவுக்குப் பிறகுதான் திறப்பேன்.